வாசித்துக் காட்டத் தகுந்தவை

என் மகள் மௌத்தாகி நாற்பதாம் நாள், அவளுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்த பின்னர், முந்தலிலிருந்து மருமகன் ஒரு பெட்டியுடன் வந்தார். கற்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் அதை இறக்கி வைத்துவிட்டு, கதிரையில் உட்காராமல் நின்றார்.

"மாமா, இது அவட டயறிகள். எண்ட கையில இரிக்கிறதவிட உங்கட கையில இரிக்கிறது நல்லம். நான் ஒரு பக்கமும் பார்க்கல்ல."

"பார்த்திருக்கலாமே."

"தைரியம் வரல்ல மாமா."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். பெட்டியில் இருபத்தொன்பது டயறிகள் இருந்தன. அவள் பதினொரு வயதில் எழுதத் தொடங்கியவள். ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில் புத்தளம் நகருக்குச் சென்று, மண்ணிற மட்டையிட்ட டயறி இரண்டு வாங்கி வருவேன். ஒன்று எனக்கு, மற்றையது அவளுக்கு. அவள் மணமுடித்துச் சென்ற பின்னரும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

என் வீட்டு விடயம் எதையும் இதுவரை நான் அச்சில் ஏற்றியதில்லை. கல்லூரியில் படித்து, அதிபராக ஓய்வுபெற்று, இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடப்பவன் நான். ஆயினும் இதனை எழுதாதுவிட்டால், என் மகளைப் பற்றி என் கையால் எழுதப்பட்டது எதுவுமே இல்லாமற் போய்விடும்.

டயறி எழுதும் பழக்கம் எனக்கு என் வாப்பாவிடமிருந்து வந்தது. அவர் எழுதவில்லை, எழுதுவித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து விருந்தினர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது, "கொப்பியக் கொண்டு வாங்க மகன்" என்பார். நான் சபையின் நடுவே நின்று அந்த வாரத்தை வாசித்துக் காட்டுவேன். ஆகவே வாசித்துக் காட்டத் தகுந்ததை மட்டும் எழுதப் பழகினேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தம்பி காய்ச்சலில் இறந்தான். அன்றைய பக்கத்தில், "இன்று எமது இல்லத்திற்கு உறவினர் பலர் வருகை தந்தனர்" என்று எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் வாசித்தேன். கேட்டவர்கள் என் கையெழுத்தைப் புகழ்ந்தார்கள்.

என் மகளைச் சபையில் நிறுத்தி நான் வாசிக்கச் சொன்னதில்லை. அந்த அளவுக்கு நான் மாறியிருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் டயறியை வாங்கி நானே வாசிப்பேன், பிழை திருத்துவேன். முதலாவது ஆண்டில், ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: வாப்பா உம்மாவை ஏசினார், உம்மா குசினியில் நின்று அழுதா, நான் பார்த்தும் பாராதது போல் இருந்தேன்.

பிழையொன்றும் இருக்கவில்லை. பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

"வீட்டுக் கதை கொப்பியில வரக்கூடாது" என்றேன்.

"அப்ப என்ன வாப்பா எழுதுற?"

"நாலு பேர் பார்த்தா வெக்கப்படாதத எழுதணும்."

"ஓம் வாப்பா" என்றாள்.

பெட்டி வந்த நாளிலிருந்து, காலையில் கச்சான் காற்று எழும்பி முற்றத்து மணலை வாரியடிக்க முன்னரே விறாந்தையில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் டயறியில் அந்தக் கிழிசல் அப்படியே இருந்தது. தையலோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கடதாசித் துண்டில் ஒவ்வொரு வரியினதும் முதலெழுத்து மாத்திரம் மிஞ்சியிருந்தது. அதற்குப் பின்னால் இருபத்தொன்பது ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லாமல். மழை பெய்தது. இறால் குளத்திற்குப் புதிய குஞ்சுகள் வந்தன. மாமி நலமாக உள்ளார். வாப்பா வந்து சென்றார்.

எனக்கு நினைவிருந்த நாட்களைத் தேடிப் பார்த்தேன். ஆசிரியர் கலாசாலைக்கு அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. விடுதியில் தங்கினால் ஊர் என்ன பேசும் என்று நான் மறுத்துவிட்டேன். இரண்டு நாட்கள் அவள் சாப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில், "இன்று வாப்பா எனது எதிர்காலம் குறித்து நல்லாலோசனை வழங்கினார்" என்று இருந்தது. அதில் ஏளனம் ஏதும் உண்டா என்று பலமுறை வாசித்தேன். இல்லை. அவளுடைய முதற்பிள்ளை வயிற்றிலேயே தவறிய நாளில், "வைத்தியசாலை சென்றோம். அனைவரும் உதவினர். அல்ஹம்துலில்லாஹ்."

அந்தக் கையெழுத்து என்னுடையதைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

கடைசி டயறியை மூடிய பகல், என் மனைவி குசினி வாசலில் உட்கார்ந்து கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தா. அத்தனை நாட்களும் அவ பெட்டியின் பக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்புவரை படித்தவ. எழுத்துக்கூட்டி வாசிப்பா.

"இன்னும் என்னத்தத் தேடுறீங்க?"

"அவட மனசில என்ன இருந்த எண்டு."

"அதுல இரிக்காது. உங்களுக்குக் காட்டத்தானே அவ எழுதின." கையைக் கழுவிக்கொண்டு தொடர்ந்தா: "எந்த நாள் மழ பெஞ்ச எண்டு ஆரும் கேட்டா, வாப்பாவும் மகளும் சாட்சி சொல்லலாம். மழைக்கு நல்ல சேவ செஞ்சிருக்கீங்க."

கடைசி டயறியைப் பெட்டியில் வைத்தேன்.

"எனக்கிட்டச் சொல்லுவா. இந்தா, இந்தப் படியில இருந்துதான். நீங்க தொழப் பள்ளிக்குப் போற நேரம் பார்த்து."

"என்ன சொல்லுவா?"

"எல்லாந்தான்."

மேசையிலிருந்த என் டயறியைத் திறந்து பேனையை எடுத்தேன். அது வஞ்சகமான செயலல்ல. ஒருவர் சொல்வதைக் கேட்கும் முறையாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"எழுதப் போறீங்களா?"

"மறந்து போகாம இரிக்க."

"எழுதுறதெண்டா நான் சொல்லமாட்டன். பேனைய மூடுங்க."

மூடினேன். விறாந்தையிலிருந்து எழுந்து சென்று, ஐம்பது வருட மணவாழ்க்கையில் முதற்தடவையாகக் குசினி வாசற்படியில் உட்கார்ந்தேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை அவ சொன்னா. கலாசாலைக் கடிதத்தை என் மகள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று சொன்னா. தவறிய பிள்ளைக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னா. என்னைப் பற்றியும் சொன்னா. வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவற்றை இங்கே எழுதமாட்டேன்.

ஓரிடத்தில் நிறுத்தினா. கடைசியாக வைத்தியசாலையில் என் மகள் எனக்குச் சொல்லும்படி ஏதோ கூறியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

அவ நெடுநேரம் யோசித்தா. கண்களை மூடியும் பார்த்தா.

"வாப்பாட்டச் சொல்லுங்க எண்டுதான் தொடங்கின. மற்றது நினைவில்ல. நான் அழுதுகொண்டிருந்தன்."

அதன் பின்னர் அவ அந்தக் கழுவிய கணவாயையே மறுபடியும் கழுவினா. நான் பள்ளிக்குப் போய்த் தொழுதேன். திரும்பி வந்து, வழக்கமான நேரத்தில் டயறியைத் திறந்து திகதியிட்டேன். மழை பெய்யவில்லை என்பதைக்கூட எழுத முடியவில்லை.