எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வரி

எங்கள் வீட்டின் முன் அறை எனக்கா, செல்போன் கடைக்கா என்ற வழக்கு அந்த வருஷம் ஆடி மாதத்தில் தொடங்கியது. எதிர்க்கட்சி என் அண்ணன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா ஆரம்பித்து வைத்துவிட்டுப் போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அதன் முன் அறையில் நடந்தது. அண்ணன் நிர்வாகம், நான் டீச்சர். இரண்டாயிரம் பிறந்த கையோடு பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்பு பக்கம் போய்விட்டார்கள். எங்கள் மெஷின்களில் பாதி உறையைக் கழற்றாமலே கிடந்தன. எனக்கு அதில் துக்கம் ஒன்றும் இல்லை. நானும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிச் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையை அடித்துவிட்டுத் திரையில் பார்த்தால் அது கொட்டை எழுத்தில் வந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தில் அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும்.

முன் அறையில் கம்ப்யூட்டர் போட்டு, வெளியே பலகை மாட்டி, இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அண்ணனோ செல்போன் கடை வைக்கக் கேட்டவனுக்கு அறையைக் கொடுக்கப் பாதி வாக்குக் கொடுத்துவிட்டிருந்தான். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் அவனே இறங்கி வந்தான்.

"அந்த மாமல்லபுரம் லாட்ஜுக்கு ஏதோ செஞ்சுகினு கீறியே, அத லாட்ஜ்காரரு பாத்து சரின்னு சொல்லட்டும். ரூம் உனுக்கு. கார்த்திகைக்குள்ள சொல்லலன்னா கடைக்காரனுக்கு சாவி. அப்புறம் மூஞ்ச தூக்கி வெச்சுக்காத."

லாட்ஜ்காரர் செய்யூர் பக்கத்து மனிதர். சவுக்குத் தோப்பு வியாபாரத்தில் வந்ததைப் போட்டு, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் மாடியோடு லாட்ஜ் கட்டியிருந்தார். மார்கழியில் வெள்ளைக்காரர்கள் வருவதற்குள் தன் லாட்ஜ் இன்டர்நெட்டில் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மகள் எங்களிடம் டைப்பிங் படித்தவள் என்பதால் வேலை என் கைக்கு வந்தது. அறைகள், சாப்பாடு, வரும் வழி, சுற்றிப் பார்க்கும் இடங்கள் என்று நிறையப் பக்கங்கள்.

இங்கே என் திமிரைச் சொல்லியாக வேண்டும். டைப்ரைட்டரில் ஒரு தலைப்பை நடுவில் போடுவதென்றால் எழுத்துகளை எண்ண வேண்டும், வரியின் மொத்த இடத்திலிருந்து கழிக்க வேண்டும், மீதியைப் பாதியாக்கி, அந்தப் பாதி அளவுக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டு அடிக்க ஆரம்பிக்க வேண்டும். டைப்பிங் ஹையர் பரீட்சையில் பிள்ளைகள் கோட்டை விடும் இடம் இதுதான். எனக்கு அது தூக்கத்தில்கூட வரும். புத்தகத்தில் எழுத்தை நடுவில் நிறுத்த ஒரு குறி இருப்பதாக ஓர் அத்தியாயம் இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டுப் போனேன். எனக்கா நடுவில் போடச் சொல்லித் தருகிறார்கள்?

ஆகவே லாட்ஜ் பக்கங்கள் எல்லாவற்றையும் டைப்ரைட்டர் கணக்கிலேயே செய்தேன். எல்லா எழுத்துக்கும் சம அகலம் வரும் எழுத்துருவாகத் தேடிப் பிடித்தேன். இடம் விடுவதற்கு என்றிருந்த குறியை எண்ணி எண்ணி, வரிசையாக அடித்தேன். எங்கள் வீட்டுத் திரையில் ஒவ்வொரு தலைப்பும் பரீட்சைத் தாள் போல நட்ட நடுவில் நின்றது. பார்க்கப் பார்க்கப் பெருமை.

நடுவே, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன மகள் சொன்னாள் என்று லாட்ஜ்காரர் போன் செய்து, தலைப்பெல்லாம் பச்சையாக இருக்கிறதாமே, கடல் நீலம்தான் வேண்டும் என்றார். நிறத்தை ஒவ்வொரு தலைப்பின் தலையிலும் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொரு பச்சையாகத் தேடி நீலமாக்கினேன். முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தால் எங்காவது ஒரு பச்சை சிரிக்கும். அந்த வாரம் முழுவதும் அண்ணன் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம், "இன்னுமா அந்த நீலம் முடியல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லாவற்றையும் ஃபிளாப்பிகளில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். லாட்ஜ்காரர் புதிதாக ஒரு பெரிய மானிட்டர் வாங்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டுத் திரையைவிட அதில் இடம் அதிகம். முதல் பக்கம் திறந்தது. என் தலைப்புகள் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கி நின்றன. வலது பக்கத்தில் பாதித் திரை காலி. அறை வாடகை அட்டவணை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"இன்னாம்மா டீச்சரு, எல்லாம் செவுத்தாண்ட போயி ஒட்டிக்கினு கீது," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

தாள் என்றால் எல்லா ஊரிலும் அதே அகலம். திரைக்கு அப்படி இல்லை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் எண்ணிய கணக்கு என் வீட்டுத் திரைக்கு மட்டும்தான் பொருந்தும். திரும்பும் பஸ்ஸில் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அழுகை போய்விட்டது. ஆத்திரம் மட்டும் மிச்சம். வெளிநாட்டு ஓட்டல்காரன் எப்படி எண்ணுகிறான் என்று பார்த்துவிடுவது என்று செங்கல்பட்டில் இறங்கியதும் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன்.

ஏதோ ஒரு தேசத்து ஓட்டலின் பக்கம் கிடைத்தது. சின்னத் திரையிலும் திறந்து பார்த்தேன், பக்கத்து சீட் காலியானதும் அங்கிருந்த பெரிய திரையிலும் பார்த்தேன். இரண்டிலும் தலைப்பு நடுவிலேயே நின்றது. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஓர் இடைவெளிக் குறிகூட இல்லை. நிறத்தைப் பற்றியும் பேச்சில்லை. தலைப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் போயிருந்தான். மேலே ஓரிடத்தில் ஸ்டைல் ஷீட் என்று ஒரு வரி, அதில் இன்னொரு கோப்பின் பெயர். அந்தப் பெயரை முகவரியில் சேர்த்துத் தட்டினேன்.

படம் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் எழுத்து. தலைப்பு என்றால் நடுவில் நில், இந்த நிறத்தில் இரு. பத்தி என்றால் இந்த எழுத்து, ஓரத்தில் இவ்வளவு இடம். அவ்வளவுதான். அந்த ஓட்டலின் எல்லாப் பக்கங்களும் இந்த ஒரே கோப்பைப் பார்த்துத்தான் உடுத்திக்கொள்கின்றன என்று புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. எண்ண வேண்டாம், கழிக்க வேண்டாம், நடுவில் நில் என்று சொன்னால் போதும், திரை எவ்வளவு அகலமோ அதற்குத் தக்கபடி அதுவே நிற்கும். நான் ஒவ்வொரு தலைப்பின் பின்னாலும் அலைந்த அந்த நீல வாரத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். சென்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பை எங்கே விட்டேன் என்றுகூடத் தெரியாமல், லாட்ஜின் முதல் பக்கத் தலைப்பிலிருந்து இடைவெளிகளை எடுத்துவிட்டு, அதேபோல ஒரு கோப்பை அடித்து அந்தப் பக்கத்தோடு இணைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். டைப்பிங் டீச்சர் அடித்ததில் பிழையா? பிழை இல்லை. ஆனாலும் பக்கம் அசையாமல் கிடந்தது. மறுநாள் முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் பார்த்தால், நோட்பேட் என்னைக் கேட்காமல் என் கோப்பின் பெயருக்குப் பின்னால் '.txt' என்ற தன் வாலையும் ஒட்டி, அது வெளியே தெரியாதபடி மறைத்தும் வைத்திருந்தது. பெயரே வேறாகிவிட்டால் பக்கம் யாரைப் போய்த் தேடும்? வாலை வெட்டினேன்.

தலைப்பு ஒரு துள்ளலில் நடுவுக்கு வந்து நின்றது. திரையின் அளவைக் கூட்டிப் பார்த்தேன், நடுவில். குறைத்துப் பார்த்தேன், அப்போதும் நடுவில். நான் போட்ட சத்தத்தில் அண்ணன் எழுந்து வந்துவிட்டான்.

"இன்னா, ஷாக் அடிச்சுதா?"

விளக்கிச் சொன்னேன். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அவரு ஒத்துக்கட்டும், பாக்கலாம்," என்று போய்விட்டான்.

எண்ணி எண்ணி அடித்த இடைவெளிகளையும், ஒவ்வொரு தலைப்பிலும் எழுதியிருந்த நீலத்தையும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அழித்தேன்; நீலம் இனி அந்த ஒரு கோப்பில் மட்டும். அழிக்கும்போது கொஞ்சமாவது வருத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒவ்வொரு பக்கமும் இளைத்து, சுத்தமாகி, நிமிர்ந்து நின்றது. சமையலறையில் குழம்பைக் கிண்டிவிட்டு வந்து ஒரு பக்கம், சாதம் வடித்துவிட்டு வந்து ஒரு பக்கம் என்று முடித்தேன். அந்த நாட்களில் நான் நடக்கவில்லை, பறந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறக்க நாலைந்து நாள் இருந்தபோது மறுபடி மாமல்லபுரம். இந்தத் தடவை அண்ணனும் வந்தான். துணைக்கு என்று சொன்னான். லாட்ஜ்காரர் வாயிலிருந்து வருவதைத் தன் காதால் கேட்கத்தான் வந்தான் என்று எனக்குத் தெரியும்.

லாட்ஜில் புதுப் பெயின்ட் வாசனை. சீசனுக்காக முன் சுவர் முழுவதும் செம்மண் நிறம் அடித்திருந்தார்கள். அதே பெரிய மானிட்டர். முதல் பக்கம் திறந்தது. தலைப்பு நடுவில். அட்டவணை நடுவில். லாட்ஜ்காரர் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப நல்லா கீதும்மா," என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். அதற்குள் அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் வழியே தன் புதுச் சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஆனா இந்த நீலம் வோணாம். செவுத்துக்கு ஒத்த மாரி செம்மண் கலர்ல போட்டுக் குடு. எல்லாத்துலயும். எத்தினி நாள் ஆவும்?"

அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. பச்சை நீலமான வாரத்தை அவன் கண்ணால் பார்த்தவன். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு வாரம் பத்து நாளாவது ஆவும் சார். பக்கம் பக்கமா தேடணும், பாவம்," என்றான் அவன். வழக்கில் எதிர்க்கட்சிக்காரன் எனக்காக வாதாடியது அதுதான் முதல் தடவை.

நான் அந்த ஸ்டைல் ஷீட்டைத் திறந்தேன். நீலம் இருந்த ஒரே வரியில் நீலத்தை எடுத்துவிட்டுச் செம்மண்ணைப் போட்டேன். சேமித்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். பிறகு எழுந்து, லாட்ஜ்காரர் உட்காரட்டும் என்று தள்ளி நின்றேன்.

அவர் அறைகள் பக்கத்தைத் தட்டினார். செம்மண். சாப்பாட்டைத் தட்டினார். செம்மண். வரும் வழி, கடற்கரைக் கோயில், புலிக்குகை, எல்லாம் செம்மண். அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா பண்ண?"

"ஒரு வரி மாத்தினேன் சார்."

"மஞ்சள் ஆவுமா?"

ஆனது. ஊதா கேட்டார். ஆனது. அப்புறம் சமையல்காரரைக் கூப்பிட்டு, "டேய், உனுக்கு இன்னா கலர் புடிக்கும், சொல்லு," என்றார். அவர் கரண்டியும் கையுமாக வந்து கிளிப்பச்சை என்றார். அதுவும் ஆனது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் சிரிக்காமல், கண் கொட்டாமல், அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் செம்மண்ணுக்கே திரும்பினோம். "மார்கழிக்கு இதான். நெட்ல ஏத்திடு," என்றார் லாட்ஜ்காரர்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், அண்ணன் பக்கத்தில். அவன் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தான், ரூம் பேச்சை எடுக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றப் போகிறானோ என்று எனக்குள் திகில். நானாகக் கேட்கவும் மனசில்லை. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறி, கூடைகளும் பைகளும் எங்கள் மடி வரைக்கும் வந்தன. அந்த நெரிசலில், முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"முன்னாடி ரூம்ல ப்ளக் பாயின்ட் எந்த செவுத்துல வோணும்?"

"எல்லா செவுத்துலயும்," என்றேன்.