இரண்டு வாளிக் குளியல்

முதல் வாளி முடிந்துவிட்டது. குறுக்குத்துறைப் படித்துறையில், கால் நனையாத உயரத்தில் ஒரு படி பார்த்து உட்கார்ந்து, நாறும்பூநாதன் செம்பால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறான். இரண்டு எட்டு வைத்தால் தாமிரவருணி மார்பளவு ஓடுகிறது. எருமைகள்கூடக் கழுத்து மட்டும் தெரிய அதில் சுகமாகக் கிடக்கின்றன. இவன் எழுந்து, இரண்டாவது வாளியை ஆற்றில் நிரப்பிக்கொண்டு வந்து, பழைய இடத்திலேயே உட்காருகிறான். முதுகுக்கென்று கடைசிச் செம்பை மீதம் வைக்க அவனுக்கு இன்னும் தெரியவில்லை. அதனால் முதுகில் தேய்த்த பயற்றமாவு அப்படியே காய்ந்துவிடுகிறது.

இரண்டு வருஷமாக இதைப் பார்க்கிறேன். தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போகுமுன் நானும் அதே துறையில்தான் குளிக்கிறவன். முதலில் ஏதோ தோஷத்துக்குப் பரிகாரம் என்று நினைத்தேன். கேட்டபோது என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

"பட்டணத்துல ஆளுக்கு ரெண்டு வாளிதான் அண்ணாச்சி. அங்க இருக்க எங்க அத்தான் எழுதியிருக்காரு. இப்பமே பழகிக்கிட்டா அங்க போய் முழிக்க வேண்டாம்லா?"

திருப்புடைமருதூர்க்காரன். வயது பத்தொன்பது. இங்கே எப்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறான். எங்கள் ஊர்க் காலேஜில் எப்.ஏ. வரைக்கும்தான் வகுப்பு. பி.ஏ. வேண்டுமென்றால் சென்னைப் பட்டணம் போக வேண்டும். ரயில் மாறுகிறவன் ஸ்டேஷன் பெஞ்சைத் தேர்ந்தெடுப்பதுபோலத்தான் இந்தக் காலேஜை அவன் தேர்ந்தெடுத்தான். "எங்க படிக்கே?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "தற்சமயம் இங்கன."

வீரராகவபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறான். அவனுடைய தகரப் பெட்டி வந்த நாளிலிருந்து கயிற்றால் கட்டியே இருக்கிறது. காலையில் கயிற்றை அவிழ்த்துச் சட்டையை எடுத்து, மறுபடி கட்டிவிட்டுத்தான் காலேஜுக்குப் போவான். பட்டணத்துக்கென்று மேலப்பாளையத்துத் தையற்காரர் தாவூதிடம் கோட்டு ஒன்று தைத்தான். இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடுவோம் என்று நாலு விரல் பெரிதாகத் தைக்கச் சொல்லியிருக்கிறான். "கோட்டு பட்டணத்துக்குத் தயாராத்தான் இருக்கு. தம்பிதான் இன்னும் தயாராவல" என்கிறார் தாவூது.

டிராம் வண்டியில் ஓடி ஏறப் பழக வேண்டும் என்று, ஆற்றுப் பாலத்தில் போகும் பார வண்டிகளின் பின்னால் ஓடித் தொற்றிக்கொள்வான். "ஏலே, மாடு மிரளுது, எறங்குலே!" என்று வண்டிக்காரர்கள் சாட்டையை ஓங்குவது சகஜம். காலேஜ் தர்க்க சபையில் சேரவில்லை. பந்தாட்டம் கிடையாது. "எல்லாம் பட்டணத்துல பாத்துக்கிடலாம்." சிநேகிதமும் அந்தக் கணக்கில்தான். ஆனால் அறையில் கூட இருக்கும் கைலாசத்துக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் இவன்தான். சேரன்மகாதேவியில் கைலாசத்தின் தாயாருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, தகப்பனார் இல்லை. சனிக்கிழமை தோறும் கைலாசம் ஊருக்குப் போய்விட்டு வருவான். தவறாமல் ரயிலடி வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிடுவான் நாறும்பூநாதன். கேட்டால், "ரயில் நேரம் பழகிக்கிடணும்லா" என்பான்.

இந்த மாதம் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. இங்கேயே பி.ஏ. வகுப்பு வேண்டும் என்று மாணவர்கள் சர்வகலாசாலைக்கு ஒரு மனு எழுதினார்கள். வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்திட்டால்தான் அனுப்புவேன் என்று பிரின்ஸிபால் சொல்லிவிட்டார். வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பது கையெழுத்து விழுந்துவிட்டது. முப்பத்தொன்றாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "அங்கன பி.ஏ. இல்லாததுனாலதான் ஒன்ன பட்டணத்துக்கு விடுதேன்" என்று அவன் தகப்பனார் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்று காலை இரண்டாவது வாளி நிரம்பி வந்த நேரத்தில், மனுவைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, மைக்கூடும் பேனாவுமாகக் கைலாசம் படியிறங்கி வந்தான்.

"நாலு நாளா காலேஜ்ல ஒளியுத. ரூம்ல போர்வைய இழுத்து மூடிக்கிடுத. இங்கனதான் ஒன்னப் பிடிக்க முடியும்."

"இங்க பி.ஏ. வந்தா எங்க அய்யா என்ன சொல்லுவாருன்னு தெரியும்லா?"

"தெரியும்லே. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிரு. பரீச்சை முடிஞ்சதும் நான் மாமா கடையில போய்த் துணி கிழிக்கேன். அம்மைய விட்டுட்டுப் பட்டணத்துக்கு என்னால வர முடியாது. ஆனா எங்கிட்ட ஒளியாத. அதுதான் கஷ்டமா இருக்கு."

துறையில் எல்லோரும் அழுக்குத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இருவர் மீதும் பரிதாபமாக இருந்தது. இத்தனை நாள் இவனைக் கேலி செய்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நாறும்பூநாதன் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மைக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம். குரல வச்சு ஆளச் சொல்லுதா."

நாறும்பூநாதன் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தான். ஈரக் கையைக் கைலாசத்தின் துண்டிலேயே துடைத்தான். காகிதத்தைப் படிக்கல்லில் விரித்து, நனையாத இடமாகப் பார்த்து முழங்கையை ஊன்றி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான். "பைய கொண்டு போலே, மை காயல" என்று கொடுத்தான். கைலாசம் காகிதத்தை ஊதிக்கொண்டே படியேறினான்.

தலை மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, நாறும்பூநாதன் இரண்டாவது வாளியைத் தூக்கி, அதிலிருந்த தண்ணீரை ஆற்றிலேயே கொட்டினான். வெறும் வாளியைப் படியில் கவிழ்த்து வைத்தான். பிறகு எருமைகளுக்குப் பக்கத்தில் கழுத்தளவு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கினான்.