மங்கி எரிந்த முன்விளக்கு

மலேசியாவின் செமிலிங்கில் என் கார் ஆடியோ கடைக்கு வந்த அந்த எஸ்டேட் லோரி டிரைவருக்கு மொட்டைத் தலை, தடித்த மீசை. ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து, என் முகத்தைப் பார்த்தே மெதுவாகப் பேசினார். என்னை மடையன் என்று நினைக்கிறாரோ என்று எனக்கு எரிச்சல்.

"காடியில பாட்டு கரகரன்னு வருது அண்ணே."

அவர் லோரியின் ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை. பேட்டரியிலிருந்து அதற்கும் முன்விளக்குக்கும் சேர்த்துப் போன வயர்தான் ஒல்லி. பேஸ் அடிக்கும்போதெல்லாம் மின்சாரம் போதாமல் பாட்டு கரகரத்தது. முன்விளக்கும் தாளத்துக்கு ஏற்ப மங்கி எரிந்தது. தடித்த வயர் போட்டேன். இரண்டும் சரியாகிவிட்டன.

மறுவாரமே திரும்பி வந்தார்.

"பழைய வயரையே போட்டுருங்க அண்ணே."

"ஏன், பாட்டு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு லா. லைட்டு மங்க மாட்டேங்குது. அம்மாவுக்குக் காது கேக்காது. இருட்டுல லைட்டு மங்கி மங்கி வந்தாத்தான் நம்ம காடின்னு கேட்டைத் தொறப்பாங்க. இப்ப யாரோன்னு நெனச்சு உள்ள போய்ப் பூட்டிக்கிறாங்க."

பழைய வயரைத் தேடிப் போட்டேன். பாட்டைப் போட்டுவிட்டு, சுவரில் விழுந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வாயை அகலத் திறந்து, "போயிட்டு வரேன்" என்றார்.

நானும் வாயை அகலத் திறந்து, மெதுவாக, "வாங்க" என்றேன்.