ரோஸி கடை முன்னால் நடைபாதை

ஆவடிக் கடைத்தெருவில் ரோஸியின் ஃபேன்சி ஸ்டோரைத் தெரியாத பெண்கள் கிடையாது. ரிப்பன், வளையல், பொட்டு அட்டை, பாவாடை நாடா எதுவானாலும் அங்கேதான் வருவார்கள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள் பத்துப் பைசா ஹேர்பின்னுக்கு வந்து அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுப் போவார்கள்.

ரோஸியின் அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் திருநின்றவூரில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அங்கேயே அவரும், இரண்டு வருஷம் கழித்து அம்மாவும் இறந்துபோனார்கள். அண்ணன் பெங்களூரில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவான். ரோஸிக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பிறகு அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் ஆளும் இல்லை.

ஆகவே கடைத்தெருதான் அவளுக்கு மனிதர்கள். காலையில் கனமான ஷட்டரைப் பக்கத்துப் பாத்திரக்கடை கலியமூர்த்தி வந்து தூக்கிவிடுவார். எதிர்ச்சாரி டீக்கடை சுலைமான், கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ அனுப்புவார். மத்தியானம் கலியமூர்த்தியின் மனைவி கண்ணம்மா சாப்பாடு கொண்டுவந்தால் ரோஸியின் டிபன் பாக்ஸிலும் ஒரு கரண்டி குழம்பு விழும். ராத்திரி ரயிலேறிப் போய்ப் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது பகலில் பேசிய பேச்சு காதில் மிச்சமிருக்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தெருதான் போதவில்லை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நடப்பவர்கள் கடைப்படிகளில் ஏறி ஒட்டிக்கொள்ள வேண்டும். எண்பத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில், ரோஸி கடையில் ரிப்பன் வாங்கி இறங்கிய ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்சக்கரம் அவள் பாதத்தில் ஏறிவிட்டது. கலியமூர்த்திதான் ஓடிவந்து தூக்கினார். ரோஸி ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் பிழைத்துக்கொண்டாள், கால் ஊனமாகிவிட்டது.

மறு வருஷம் நகராட்சி, தெருவையே மாற்றி அமைக்கத் திட்டம் போட்டது. தெருவை அகலப்படுத்தி, இரு பக்கமும் மூடிய சாக்கடை, அதன் மேல் நடைபாதை. ஒவ்வொரு கடையும் முன்பக்கம் ஆறடி விட்டுக்கொடுக்க வேண்டும். பொதுமக்கள் கருத்தைக் கேட்கப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் தங்கவேல் கடை கடையாக ஏறி இறங்கினார். "எல்லாரும் ஒரே வார்த்தையா வேணாம்னு சொல்லிடணும், ரோஸிம்மா" என்றார். ரோஸியும் சரி என்று தலையாட்டினாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் முக்கால்வாசி வியாபாரிகள். தெருவின் வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டிவைத்து அதிகாரி விளக்கினார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேண்டாம் என்றார்கள். அதிகாரி சலித்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். ஹாலில் இருந்த ஒரே பெண் ரோஸி.

"நீங்களும் கடை வச்சிருக்கீங்களாம்மா? நீங்க என்ன சொல்றீங்க?"

ரோஸி எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தாள். ஆட்டோவில் மடியில் கிடந்த அந்தத் தலையின் பாரம் நினைவுக்கு வந்தது.

"என் கடையில ஆறடி எடுத்துக்குங்க சார். பொண்ணுங்க நடக்கறதுக்கு எடம் இல்ல."

அதிகாரி குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி அவளை மறித்தார். "இன்னா ரோஸிம்மா இப்டி பண்ணிட்ட? ஆறடி பூட்டா நான் குண்டாவ தலைமேலயா வச்சிகினு விக்கறது?"

"அந்தப் பொண்ணத் தூக்கினது நீங்கதானே அண்ணே."

"தூக்கினேன். அதுக்கோசரம் என் புள்ளைங்க பொயப்பு போவணுமா? உனுக்கு இன்னா, ஒண்டிக்கட்டை. எவ்ளோ எடம் கீதோ அதுல குந்திக்குவ."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 'ஒண்டிக்கட்டை' என்ற வார்த்தையை அந்தத் தெருவில் யாரும் அதுவரை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

மறுநாள் காலை அவள் ஷட்டரோடு மல்லுக்கட்டியபோது கலியமூர்த்தி முதுகைக் காட்டிக்கொண்டு வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன யாரோ ஒருவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். டீ வரவில்லை. எதிரே போய்க் கேட்டதற்கு சுலைமான் டீ கொடுத்தார், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன்னாண்ட பேச்சு வச்சிக்க வேணாம்னு சங்கத்துல சொல்லி கீறாங்க. தப்பா நெனச்சிக்காதம்மா." அன்றைக்குப் பிறகு அவள் டீ குடிப்பதையே விட்டுவிட்டாள். கண்ணம்மா மட்டும் சில நாள் சாப்பாட்டுக் கூடையோடு வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் தயங்குவாள். பிறகு அதுவும் நின்றது.

ரோஸி சொல்லாவிட்டாலும் திட்டம் வந்திருக்கும். ஆனால் தெரு அப்படி நினைக்கவில்லை. கடைகளின் முன்சுவர்களை இடித்தபோது ஒவ்வொருவரும் ஒருமுறை அவள் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். குறுகிய கடையில் இரண்டு பேருக்கு வேலையில்லை என்று கலியமூர்த்தி மூத்த மகனைப் பாடிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினார். அதைக் கேட்ட அன்று ரோஸி சர்ச்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நடைபாதை வந்த புதிதில் பள்ளிக்கூடப் பெண்கள் கைகோத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். ரோஸிக்கு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. இடம் இழந்த கடைகள் நடைபாதைக்கு இறங்கின. தங்கவேலின் ஜவுளிக்கடைப் பொம்மைகள், சுலைமானின் பெஞ்சுகள், கலியமூர்த்தியின் வாளிகள். ஜனங்கள் மறுபடி ரோட்டில் நடந்தார்கள். ரோஸி கடை முன்னால் மட்டும் காலியாக இருந்தது. பஸ் வந்தால் அங்கே ஏறி, நாலு எட்டு நடந்து, மறுபடி இறங்கிப் போவார்கள்.

கலியமூர்த்தியின் பிளாஸ்டிக் குடங்கள் மெல்ல மெல்ல அவள் பக்கம் நகர்ந்தன. தினமும் காலையில் அவள் அவற்றை எடுத்து அவர் எல்லைக்குள் வைப்பாள். ஒருநாள் அவர் பேசினார். பல வருஷங்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

"சும்மாத்தான கெடக்குது. ரெண்டு கொடம் வச்சா இன்னா?"

"நடக்கறதுக்குன்னு விட்டது அண்ணே."

"யாரு நடக்கறா?"

அந்த நேரம் பார்த்து அங்கே யாரும் நடக்கவில்லை. கலியமூர்த்தி குடங்களை எடுத்துக்கொண்டார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று ரோஸி நின்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

தொண்ணூற்றேழில் நகராட்சி மறுபடி கூட்டம் போட்டது. நடைபாதைக் கடைகளை எடுப்பது பற்றி. ரோஸி சொல்ல வேண்டியதை ரயிலிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஹால் நிறையப் பெண்கள். டீச்சர்கள், குவார்ட்டர்ஸ் அம்மாக்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். ஒவ்வொருத்தியும் எழுந்து பேசினாள். அவள் நினைத்துவைத்திருந்த எல்லாவற்றையும், அவளைவிட நன்றாகவே பேசினார்கள். அவள் எழ வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

கூட்டம் முடிந்து பெண்கள் படியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரோஸியும் ஓரமாக நின்றாள். ஒருத்தி திரும்பி, "நீங்க எந்த குவார்ட்டர்ஸ்மா?" என்று கேட்டாள்.

"குவார்ட்டர்ஸ் இல்ல. கடைத்தெருவுல கடை வச்சிருக்கேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "உங்களுக்கெல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா நாங்க எங்கதான் நடக்கறது, சொல்லுங்க" என்றாள். ரோஸி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ பஸ் வருகிறது என்றார்கள். எல்லாரும் ஓடினார்கள்.

அடுத்த வாரம் நகராட்சி லாரி வந்து பொருள்களை அள்ளிக்கொண்டு போனது. ரோஸி கடை முன்னால் அள்ள ஒன்றுமில்லாததால் லாரி அங்கே நிற்கவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அவள் நடைபாதை வழியாகவே ஸ்டேஷன் வரை நடந்தாள். வழியில் எங்கும் இறங்க வேண்டியிருக்கவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள் மடியில் மல்லிகையைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதாவது பேசலாமா என்று ரோஸி பட்டாபிராம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.