வேகாத பசை

புளித்த மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பத்து வயதில் பிடித்த பயம் அது. இன்னும் முழுசாக விடவில்லை.

அப்போது ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரில் எங்கள் தெருவிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆளாவது குவைத்துக்குப் போயிருந்தார்கள். தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பாவும், எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘நைனா’, அங்கே டிரைவராகப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மழையில் அவருடைய அண்ணன், என் பெரியப்பா, இறந்துபோனார். இரண்டு வருடம் முடியாமல் நைனாவால் ஊருக்கு வர முடியாது. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருந்தது.

“வர முடியாத ஆளுக்கு எதுக்கு சொல்றது? தனியா குந்திக்கினு அழுவாரு. வண்டி வேற ஓட்டிக்கினு கீறாரு. வந்தப்புறம் சொல்லிக்கலாம்” என்று அம்மா முடிவு செய்து, தெருக்காரர்களிடமும் சொல்லிவைத்துவிட்டாள். கூடவே என்னைப் பார்த்து, “நீ வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்” என்றாள். வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டுப் போனுக்கு நைனா கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் கடைசியில், “அண்ணன் எப்டி கீறாரு?” என்பார். “நல்லா கீறாரு” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்.

கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப்போட்டுவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். காரியம் முடிந்து மிஞ்சிய பத்திரிகைக் கட்டை என்னிடம் கொடுத்து, “கிழிச்சி கால்வாயில போட்டுட்டு வா” என்றாள் அம்மா. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மறுபக்கம் வெள்ளைவெளேரென்று இருந்த அந்தக் கெட்டி அட்டைகளைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. பொங்கலுக்குக் குவைத்துக்கு வாழ்த்து அனுப்பத் தெருப் பிள்ளைகள் எல்லாம் பறந்துகொண்டிருந்த நேரம் அது.

ஆகவே எல்லோருக்குமாக ஒரு ‘கார்டு டப்பா’ தயார் செய்தேன். பிஸ்கட் வந்த தகர டப்பாவுக்குள் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய தங்கநிறப் பிள்ளையார்கள், தறிக்கொட்டகையில் பொறுக்கிய ஜரிகை, ஸ்கெட்ச் பேனாக்கள், அம்மாவின் மொண்டிக் கத்தரிக்கோல். கருமாதி அட்டைகளின் கறுப்பு ஓரத்தை வெட்டியெறிந்து, அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டிரண்டாக ஒட்டினால் இரு பக்கமும் வெள்ளையாகப் புது அட்டை கிடைத்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். பசை காய்ச்சும்போது வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதால், மாவு வேகும் முன்பே ஸ்டவ்வை அணைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முதல் அட்டை நைனாவுக்கு. பானையும் கரும்பும் வரைந்து, ஜரிகை ஒட்டி, ‘சீக்கிரம் வா நைனா’ என்று எழுதினேன். “நல்லாக்கீதே!” என்று அம்மாவே அதைக் கவரில் போட்டு அனுப்பிவைத்தாள்.

நான்காம் நாள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன் டப்பாவைத் திறந்தேன். புளித்த வாடை குப்பென்று அடித்தது. ஒட்டிய அட்டைகள் அத்தனையும் காய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வேகாத மாவு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே பெரியப்பாவின் பெயர், இறந்த நாள், கருமாதி நாள். எல்லாம் தெலுங்கு அச்சு. நைனாவுக்குத் தமிழைப்போலவே தெலுங்கும் தெரியும் என்பதுதான் என் கெட்ட நேரம்.

டப்பாவோடு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கால்வாயில் போட்டேன். தபாலில் போனதை என்ன செய்வது? நைனா ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டே கவரைப் பிரிப்பதாகவும், அட்டை இரண்டாகப் பிரிவதாகவும், வண்டி எங்கேயோ போய் மோதுவதாகவும் கண்ணை மூடினாலே தெரிந்தது. அம்மாவிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். இரண்டு வெள்ளிக்கிழமை போனே வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, காய்ச்சல் அடித்தது. அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை போன் வந்தது. அம்மா ரிசீவரை என் காதில் வைத்தாள். “கார்டு வந்துச்சி கண்ணு. ஜோரா கீது” என்றார் நைனா. குரல் கம்மியிருந்தது, சளி என்றார். அம்மாவிடமும் பேசிவிட்டு வைத்துவிட்டார். அன்று அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. நானோ ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கேள்வி வருமா என்று ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நைனா வந்தார். அம்மா மெல்லச் சொன்னதும், அப்போதுதான் கேட்பவர்போலத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் அவர் பெட்டியில் துணிகளுக்கு அடியில் என் அட்டையைப் பார்த்தேன். நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. நைனா பின்னால் நின்றிருந்தார்.

“பசைய நல்லா வேக வெக்கணும்மா” என்றார் தணிந்த குரலில். “அம்மாகிட்ட சொல்லாத. எனக்குத் தெரியாம காப்பாத்திட்டோம்னு நெனச்சிக்கினு கீறா.”

இப்போது பத்திரிகைக் கட்டும் இல்லை, வெள்ளிக்கிழமைப் போனும் இல்லை. போன வருடம் நைனா இறந்தபோது செய்தி வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் குவைத்தில் இருக்கும் தெருக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. நேற்று என் மகளுக்குக் கூரியரில் ஒரு கார்டு செய்யும் பெட்டி வந்தது. வெட்டிய அட்டை, மின்னும் காகிதம், குச்சிப் பசை எல்லாம் அதிலேயே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, “பாவம் உங்க நைனா. அண்ணன் செத்தது தெரியாமயே ஒரு வருசம் அங்க சிரிச்சிக்கினு இருந்தாரு” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். மகள் ஒட்டிய அட்டையை வாங்கி, நான்கு ஓரமும் இன்னொரு முறை அழுத்திவிட்டேன்.