பதுளை ரயிலும் கேமராவுக்குள் ஒரு தேயிலை நாரும்

அந்த நார் எப்போது கேமராவுக்குள் போனது? வீட்டிலா, ரயிலிலா, பதுளை ஸ்டேஷனில் நான் பிலிம் ரோல் போட்ட அந்த இரண்டு நிமிடத்திலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படிப்பவர்களுக்குப் புலப்பட்டால் சரி.

என் அக்கா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்தாள். அவளுக்கும் அத்தானுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தியாவுக்கே குடிபோகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை பதுளையில் ரயிலேறுவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். அக்காவும் நானும் சேர்ந்து நிற்கும் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. "கேமராவைக் கொண்டு வந்துரு. மறந்துறாத" என்பது மட்டும்தான் அவள் கேட்டது.

கேமரா என் கணவருடையது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கர். எங்கள் வீட்டுக்குள் மாதக்கணக்கில் மேகம் நுழைந்து வெளியேறும். செருப்பிலேயே பூஞ்சணம் பிடிக்கும். லென்சிலும் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான் கேமராவைத் தேயிலை டின்னுக்குள், தேயிலையோடு வைத்திருந்தேன். தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே! வாங்கி வைத்த ஒரே ஒரு ரோலும் அதே டின்னுக்குள்தான் இருந்தது. ரோலின் அலுமினியக் குப்பி மகளுக்குக் கிலுகிலுப்பையாகிவிட்டதால், ரோலைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன்.

வெள்ளி காலை டின்னைத் திறந்தபோது லென்சின் மேல் பொன்னிறத் தூசி படிந்திருந்தது. தேயிலையைச் சலிக்கும்போது பஞ்சுபோலப் பறக்குமே, அதுதான். பதறிப்போய் வாயால் ஊதினேன். ஈரம் பட்டது. முந்தானையால் துடைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தலைமயிர் அளவில் ஒரு கீறல். துடைக்காமல் இருந்திருக்கலாமோ?

காலை 9.20, பண்டாரவளை. தோட்டத்திலிருந்து நான்கு மைல் லொறியில் வந்து மூன்றாம் வகுப்பில் ஏறினேன். மடியில் பதினான்கு மாத மகள், மார்போடு அணைத்தபடி கேமரா. எதிரே லீக்ஸ் காய்கறிக் கட்டுகளோடு இருந்த வெலிமடை ஊர் அம்மா சிரித்தார்.

"புள்ளைய விட அந்தப் பொட்டியத்தான் பத்திரமா புடிச்சிருக்கீங்க!"

வெட்கமாகிவிட்டது. எல்ல ஸ்டேஷனுக்கு அப்பால் தூசி வருமென்று ஜன்னலை மூடினேன்.

"அதத் தொறங்கம்மா, மூச்சு முட்டுது. போட்டோப் பொட்டி மூச்சா விடப் போகுது?"

திறந்தேன். தெமோதரையில் நாங்கள் நின்ற ஸ்டேஷனையே ரயில் சுற்றி வந்து, அதன் அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்தது. எத்தனை முறை போனாலும் எந்த இடத்தில் திரும்புகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. இந்த முறையும் தவறவிட்டேன். கேமராவைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன்.

காலை 11.15, பதுளை. ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்கு ஏறும் வழியில் ஒரு ஸ்டூடியோ. முதலாளி கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கப் போயிருந்தார். உள்ளறையிலிருந்து அவர் மனைவி ரஹீமா வந்தார். என் வயதுதான் இருக்கும். படங்களில் விழும் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மறைப்பது அவர் வேலை. கேமராவை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன, தேத்தண்ணி வாசம் வருது?"

டின் கதையைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சீனியும் போட்டு வச்சீங்களா தங்கச்சி?"

பிறகு வேலையைத் தொடங்கினார். லென்சைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழந்தைக்குக் காது கழுவும் ரப்பர் குமிழால் காற்றடித்தார். குமிழ் புதிது, தண்ணீர் காணாதது. தூசி உதிர்ந்த பிறகுதான் தூரிகை. கடைசியாக மெல்லிய தாளில் லென்ஸ் துடைக்கும் மருந்து ஒரே சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் போட்டார். சொட்டை லென்சில் விடவில்லை, தாளில்தான் விட்டார். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்குமாம். முந்தானையால் துடைத்தேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கீறல் படத்துல விழுமா?" என்றேன்.

"ஒங்கட விரலக் கண்ணுகிட்ட வச்சு, அந்த மலையப் பாருங்க."

பார்த்தேன். விரல் கரைந்து, மலை தெளிவாகத் தெரிந்தது.

"லென்சுல இரிக்கிறது அப்பிடித்தான், கரைஞ்சிரும். உள்ளுக்க, பிலிமுக்கிட்ட இரிக்கிற தூசிதான் அப்பிடியே விழும்."

பின்கதவைத் திறந்தார். உள்ளே பொன்னிற நார்கள்! நான் காலையிலிருந்து பயந்தது ஒன்று, பயந்திருக்க வேண்டியது வேறொன்று. நடுவிலுள்ள மெல்லிய திரையைத் தொடாமல், தள்ளி நின்றே காற்றடித்தார்.

"படத்துல வெள்ளப் புள்ளி விழுந்தா என்ட குத்தம், கழுவி அச்சுப் போடுறப்ப விழுறது. அதுல மை வச்சு மறைச்சிரலாம். கறுப்பா விழுந்தா கேமராவுக்குள்ள இருந்தது, ஒங்கட குத்தம். அத பிளேடால சுரண்டித்தான் எடுக்கணும்."

மூன்று ரூபாய் வாங்கினார். "ரோலையும் தாங்க, போட்டுத் தாறேன்" என்று கை நீட்டினார்.

ரோலும் அதே டின்னில் இருந்ததென்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்னொரு முறை சிரிப்பாரே! "நானே போட்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாலை 4.40, பதுளை ஸ்டேஷன். பெண்கள் அறையின் மூலையில் மகளை மடியில் கிடத்திக்கொண்டு ரோலைப் போட்டேன். கைக்குட்டையை மூன்று முறை உதறினேன். ரோலின் வாயில் பிலிம் நுழையும் இடத்தில் வெல்வெட் இருக்கிறது; அதற்குள் என்ன ஒட்டியிருந்ததோ, அந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் ரயில் மேடையில் அக்கா குடும்பம், மூன்று தகரப் பெட்டிகள், ஒரு அம்மி. "அம்மி எதுக்குக்கா?" என்றேன்.

"அங்க இருக்குற அம்மி எப்பிடி இருக்கோ. நீ மொதல்ல எடு."

எடுக்கப் போனேன். லென்சில் ஒரு தூசி. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பையைத் துழாவினேன்.

"என்னாடி, மந்திரம் ஓதிக்கிட்டு இருக்க? ரயிலு நமக்காக நிக்குமா?"

ரஹீமா காட்டிய விரல் நினைவுக்கு வந்தது. துடைக்காமல் எடுத்தேன். குடும்பமாக நான்கு படம். பிறகு அத்தான் கேமராவை வாங்கி, அக்காவையும் என்னையும் சேர்த்து ஒன்று எடுத்தார்.

மாலை 5.45. என் வழியும் அதுதான் என்பதால் பண்டாரவளை வரை அவர்களோடு போனேன். தெமோதரைச் சுரங்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த எடத்துல திரும்புதுன்னு பாத்தியா?" என்றாள். அவளுக்கும் தெரியாதாம். பண்டாரவளையில் நான் இறங்கினேன். வீடு திரும்பும் பயணம் எனக்கு அங்கே முடிந்தது. அவள் ஏறிய பயணத்துக்குத் திரும்பும் ரயில் கிடையாது.

ரோலைக் கழுவக் கொடுத்தனுப்பி, இரண்டு வாரம் கழித்துப் போனபோது ரஹீமா படங்களைக் கொடுத்தார். தூசி, கீறல் எதுவும் விழவில்லை. ஆனால் ஐந்து படத்திலும் ஒரே இடத்தில் ஒரு சின்னக் கறுப்பு நார். கடைசிப் படத்தில் அது அக்காவின் கன்னத்தின் மேல், கலைந்த முடி போல விழுந்திருக்கிறது. ரஹீமா இந்த முறை சிரிக்கவில்லை. நானும் ரோலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். திருச்சிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "படம் வந்தது. பாக்குறவங்க எல்லாரும் என் கன்னத்துல முடி கெடக்குன்னு கையால தள்ளி விடுறாங்க. தள்ளித் தள்ளி அந்த எடமே பளபளன்னு ஆகிப்போச்சு."

என் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளேடால் சுரண்டினால் நார் போய்விடும் என்கிறார் ரஹீமா. கை கொஞ்சம் அழுந்தினால் கன்னமும் போய்விடும் என்றும் சொல்கிறார். வாசகர்களே, மேகம் இறங்கும் ஊரில் பூஞ்சணமும் பிடிக்காமல் தூசியும் புகாமல் கேமராவை எதற்குள் வைக்கிறீர்கள்? அந்த நாரைச் சுரண்டச் சொல்லட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை பிளேடு அவர் மேசையிலும் படம் என் பெட்டியிலும் இருக்கட்டும்.