மையில் தெரிந்த மச்சான்

1981இல், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, கல்முனையிலிருந்து சவளக்கடைக்கு மை பார்க்கப் போனேன். என் தங்கையின் கணவர் நசீர் சம்மாந்துறை மில்லுக்கு நெல் கொண்டுபோய் மூன்று நாளாகியும் ஒரு தகவலும் இல்லை.

"முதல்ல மையப் பாருங்க காக்கா. ஆள் உசிரோட இரிக்காரா எண்டு தெரியணும்," என்று தங்கை அண்ணனாகிய என்னிடம் அழுதாள். இதெல்லாம் ஏமாற்று என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன் நான். வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஏழேகால் பஸ். நாலு மைல், ஐம்பது சதம். மை பார்ப்பவர் வெற்றிலையில் கரிய மையைத் தடவி, "பேரு? உம்மாட பேரு?" என்றார். தாயின் பெயரும் சொன்னால்தான் ஆள் மையில் தெரியுமாம். சொன்னேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"கிழக்கால கடல். ஆள் தண்ணிக்குள்ள கிடக்கார். மூச்சில்ல தம்பி."

தங்கையிடம் இதை எந்த வாயால் சொல்வது? கல்முனை பஸ் வந்தும் ஏறவில்லை. சம்மாந்துறைக்குப் போன ட்ராக்டரில் தொற்றிக்கொண்டேன்.

"என்ன காக்கா, முகம் செத்துக் கிடக்கு?" என்றார் சாரதி. சொன்னேன்.

"உம்மாட பேரச் சரியாச் சொன்னீங்களா? என்ட மாடு துலைஞ்சப்ப மாட்டுட உம்மாக்கு என்ன பேரு எண்டு கேட்டு என்ன முழிக்க வெச்சிட்டார்!"

சுலைஹா என்று சொல்லியிருந்தேன். யா அல்லாஹ், அது என்னைப் பெற்றவளின் பெயர்! நசீரின் உம்மா கதீஜா. சுலைஹாவுக்கு நசீர் என்றொரு மகனே இல்லை. ட்ராக்டரில் இருந்தபடி பைத்தியக்காரன் போலச் சிரித்தேன். ஆனால் மில் வரும்வரை நெஞ்சு இடித்துக்கொண்டேதான் இருந்தது.

மில் களத்தில் நசீர் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான் இஞ்சால? மூணு நாளா மந்தாரம், வெயிலே இல்ல. விட்டுட்டு வந்தா நெல்லு நாறிரும். தகவல் சொல்லி அனுப்பினனே, வரல்லயா?"

ஏசத்தான் வாயெடுத்தேன். கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். அப்பாடா என்று மூச்சு வந்தது அப்போதுதான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். ஆளைத் தேடுவதென்றால் முதலில் ஆள் போன இடத்துக்கே போங்கள். நம்பிக்கை இல்லையென்று பீற்றாதீர்கள். பெயர் பிழையென்று தெரிந்தும் நடுங்கியவன் சொல்கிறேன்.

வீட்டில் தங்கை கேட்டாள்: "மையில என்ன தெரிஞ்சது, காக்கா?"

கடல், மூச்சில்லை என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. "மில்லுல நெல்லுக் காயப்போடுறார் எண்டு சொன்னார்," என்றேன்.

இன்றுவரை எவர் வீட்டில் எது தொலைந்தாலும் அவர்களைச் சவளக்கடைக்கு அனுப்பிவைப்பவள் என் தங்கைதான்.